தலைக்கு ஊற்றிய தண்ணீர்

திருச்செங்கோடு
12 ஜூலை 2024

அன்பும் வீரமும் ஒருங்கே வாய்த்த என் அக்காள் மகள் மதுமதிக்கு, மலையடிவாரத் தலைநகரத்திலிருந்து தாய்மாமன் சென்னிமலை முத்திரையிட்டு அனுப்பும் மடல். இங்கே நான்கு உயிர்களும் சுகம். உன் வீட்டுச் சேவல் மட்டும் தொண்டை கட்டி, மணி தவறிக் கூவுகிறது. அங்கே நீயும் உன் மருந்துப் பெட்டியும் எப்படி இருக்கிறீர்கள் என்று அறியாமல் இந்த மாமனுக்குச் சோறு இறங்கவில்லை (ரசம் இறங்குகிறது).

நீ உன் பட்டாளத்து முகாமுக்குத் திரும்பிய நாள் முதலாக இங்கே நடக்கும் ஆட்சியைச் சொல்கிறேன், கேள். மாப்பிள்ளை அன்பழகன் அந்தச் சேவலுக்கு முன்னால் எழுகிறான். பால் காய்ச்சுகிறான், இட்லி ஊற்றுகிறான், சின்னவன் கவினைக் கழுவுகிறான், தன்யஸ்ரீக்குச் சடை பின்னுகிறான். பூமியைப் பிளக்கும் போர்வெல் ரிக் வண்டிகளுக்குத் துளைபோடும் பிட் கடைகிற கை, ஆறு வயசுப் பெண்ணின் தலைமுடியிடம் தோற்று நிற்கும் காட்சியைப் பார்க்கத் தெருவே டிக்கெட் எடுத்து வருகிறது.

“போப்பா, இது சடையில்ல, லாரிக்குக் கட்டற கயிறு. அம்மா பின்னுனா ஆடும். நீ பின்னுனா நிக்குது.”

“நிக்கட்டும் சாமி, இஸ்கூல்ல தூங்கி உளுந்தா அதையப் புடிச்சுத் தூக்கிக்கலாம்” என்றேன் நான். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. உன் பிடிவாதத்தில் ஒரு குண்டுமணி குறையவில்லை.

மாப்பிள்ளை லேத்துப் பட்டறைக்குப் போனபின் சாயங்காலம் வரை ராஜ்யம் என் கையில். முப்பது வருஷம் ரிக்கில் நின்று பாதி இந்தியாவைத் துளைத்தவன் நான். மீதியை நேரமில்லாமல் விட்டுவைத்தேன். ஆனால் கவினுக்கு ஜட்டி மாட்டுவதற்கு முன்னால் அதெல்லாம் விளையாட்டு. நேற்று அவன் பாதித் தெருவைத் தின்றுவிட்டான். மண் தின்றான் என்று சின்னதாகச் சொல்வது அவனுக்கு மரியாதையாகாது.

டீக்கடையில் ஒருவன் மாப்பிள்ளையைப் பார்த்து, “என்ன அன்பழகா, பொண்டாட்டி துப்பாக்கியோட, நீ பால்புட்டியோடயா?” என்றான். நான் எழுந்தேன். “உன்ற பொண்டாட்டி உன்னைய நம்பி ரேஷன் கடைக்கே அனுப்ப மாட்டா. இவனை நம்பி ரெண்டு உசுர உட்டுட்டுப் போயிருக்கறா ஒருத்தி” என்றேன். என் குரலில் கடை மூன்று நாள் மூடிக் கிடந்தது. டீ மாஸ்டர் மச்சினன் கல்யாணத்துக்குப் போனதால் மூடினார்கள் என்று ஒரு வதந்தியும் உலவுகிறது, நம்பாதே.

தன்யஸ்ரீ உன்னைத் தேடி அழவே இல்லை. அழுகிறாள் என்று யாராவது எழுதினால் அவன் பொய்யன்.

வேளைக்குச் சாப்பிடு. காட்டில் தனியாக நடக்காதே.

உன்னைத் தூக்கி வளர்த்ததில் இன்னும் தோள் வலிக்கும்,
சென்னிமலை மாமன்


முகாம்
30 ஜூலை 2024

அன்புள்ள மாமாவுக்கு, மதுமதி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் சர்க்கரை எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. அதிலிருந்தே எவ்வளவு என்று தெரிகிறது. மாத்திரையைத் தவறாமல் போடுங்கள்.

உங்கள் கடிதத்தை இங்கே இந்தியில் சொல்லிக் காட்டினேன். கூடாரமே சிரித்தது. பாதித் தெருவைத் தின்ற பையனின் அம்மா என்றுதான் இப்போது எனக்குப் பேர்.

இங்கே டவர் கிடையாது. வயர்லெஸ் அலுவலக வேலைக்கு மட்டும். வாரத்துக்கு ஒரு ஹெலிகாப்டர் அரிசி பருப்போடு தபால் பையும் கொண்டுவரும், அதுவும் வானம் விட்டால். அவசரம் என்றால் கூப்பிட வேண்டிய தலைமையகத்து நம்பர் அவரிடம் இருக்கிறது. அங்கிருந்து வயர்லெஸ்ஸில் எனக்குச் சொல்லிவிடுவார்கள்.

எனக்குத் துப்பாக்கி பிடிக்க நேரமே இல்லை மாமா. காலையிலிருந்து காய்ச்சல்காரர்கள் வரிசை. மலேரியா பாதி, டெங்கு பாதி. விரலில் குத்தி ரத்தம் எடுப்பதும், சலைன் ஏற்றுவதும்தான் என் யுத்தம். அங்கேயும் மழைக்காலம் வருகிறது. தண்ணீர் பிடித்து வைத்திருக்கும் டிரம்களை மூடி வையுங்கள். பிள்ளைகளுக்கு முழுக்கைச் சட்டை போடுங்கள்.

இன்னொன்று. நீங்கள் எழுதுவதில் பத்தில் ஒன்பதைக் கழித்துவிட்டுத்தான் நான் படிப்பேன். மீதி ஒன்றே இந்தக் காட்டில் எனக்கு வாரம் முழுக்க வரும். ஆனால் பிள்ளைகளுக்கு உடம்புக்கு ஏதாவது என்றால் மட்டும், கழிக்கத் தேவையில்லாமல் எழுதுங்கள்.

பாப்பா அழுகிறாள் என்று புரிந்துகொண்டேன்.

கவினுக்கு என் முத்தம். சேவலுக்கு மிளகு கொடுங்கள்.

மதுமதி


திருச்செங்கோடு
8 செப்டம்பர் 2024

மதுவுக்கு,

நாங்கள் சௌக்கியம். நீ சௌக்கியமா? எனக்கு மாமா மாதிரி எழுத வராது.

பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. கூரையில் எறிந்தாள். ஸ்கூலில் உங்கள் அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டதற்கு, “காட்டுல இருக்கறவங்களுக்கு ஊசி குத்தறாங்க” என்றாளாம். டீச்சர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். விளக்கிச் சொன்னேன்.

கவினுக்கு உன் போட்டோவைக் காட்டினால் சிரிக்கிறான். காலண்டரில் இருக்கிற சாமியைக் காட்டினாலும் அதே சிரிப்புத்தான். இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன்.

பட்டறையில் போன வாரம் நின்றபடியே கண் அசந்துவிட்டேன். விரலில் சின்ன வெட்டு. ஆறிவிட்டது. மாமா இல்லாவிட்டால் என்னால் ஆகாது. அவர் பேச்சுத்தான் இந்த வீட்டில் சத்தம்.

எப்போது வருவாய் என்று கேட்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்பழகன்


திருச்செங்கோடு
5 நவம்பர் 2024

காட்டரசி மதுமதியின் சமூகத்துக்கு, மாமன் சென்னிமலை பயபக்தியோடு தெரிவிப்பது. நீ நலமாக இருப்பாய். இருந்தே ஆக வேண்டும். ஏனென்றால் உன் வீட்டுக்கு இப்போது வந்திருக்கும் விருந்தாளி சாதாரணப்பட்டவள் இல்லை.

ஆத்தாளே வந்திருக்கிறாள்!

ஐப்பசி நோம்பித் திருவிழாவுக்கு மாரியம்மன் கோயிலில் கம்பம் நட்டு, ஊரே மஞ்சளாகக் கிடக்கிறது. இத்தனை ஆயிரம் வீடுகளை விட்டுவிட்டு ஆத்தாள் நேராக உன் வீட்டுப் படியேறி, தன்யஸ்ரீயின் உடம்பில் குடியேறியிருக்கிறாள். தீபாவளிக்கு மறுநாள் காய்ச்சல் வந்தது. காய்ச்சலா அது? அவள் நெற்றியில் தோசை வார்க்கலாம். கண்ணுக்குப் பின்னால் வலி என்கிறாள். எப்படி வலிக்கிறது என்று கேட்டேன். “கண்ணுக்குள்ள யாரோ ரிக் ஓட்டறாங்க அப்புச்சி” என்றாள். கேட்டாயா? என் பேத்தி!

நேற்று உடம்பெல்லாம் சிவப்புப் பொட்டு. பத்தாயிரம் எண்ணினேன், ஒன்று குறைந்தது. பக்கத்து வீட்டு ராமாத்தாளைக் கூப்பிட்டுக் காட்டினோம். பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“ஏனுங்க, இது மணல்வாரி அம்மைதானுங்கோ. ஆத்தா வந்திருக்கறா. ஊசி கீசின்னு போனீங்கன்னா கோவிச்சுக்குவா.”

மாப்பிள்ளைக்கு இதெல்லாம் தெரியாது. பெண்ணைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வண்டியை எடுக்கப் போனான். நான் வாசலில் மலைபோல் நின்று வழிமறித்தேன்.

“மாமா, வயிறு வலிக்குதுங்குது. சேலம் கூட்டிட்டுப் போயிர்றேன்.”

“வலிக்கத்தான் செய்யும் மாப்ளே. ஆத்தா என்ன இத்தனூண்டா? உள்ள உக்காரோணுமல்லோ. அவளே ஊடு தேடி வந்திருக்கறப்ப வாசல்ல நிறுத்தி வெச்சுட்டு டாக்டரைப் பாக்கப் போறயா?”

“மதுகிட்டச் சொல்லலாமுங்களா? அந்த நம்பருக்கு…”

“சொல்லி? அவ அங்கிருந்து பறந்தா வருவா? ஆத்தா எறங்கட்டும், நானே கடுதாசி போடறேன்.”

வண்டிச் சாவியைப் பிடுங்கி என் வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டேன். படையெடுப்பு முறியடிக்கப்பட்டது.

இப்போது வாசலில் வேப்பிலை. வீட்டில் தாளிப்பு இல்லை, கறி இல்லை, வெளியாள் இல்லை. வேப்பங்கொத்தால் தடவிக்கொடுத்தபடி நான் பக்கத்திலேயே இருக்கிறேன். இளநீர் கொடுக்கிறேன், முக்கால்வாசி வாந்தி எடுத்துவிடுகிறாள். ஈறில் கொஞ்சம் ரத்தம். விழுந்த பல்லுக்குப் புதுப்பல் முளைக்கிற அறிகுறி என்று கண்டுபிடித்திருக்கிறேன்.

நீ கவலைப்படாதே. உனக்கு அம்மை பார்த்தபோது பதினொரு நாள் நான் கண்ணே மூடவில்லை. உனக்கு ஒரு தழும்பாவது உண்டா?

உடம்பைப் பேணவும்.

ஆத்தாளின் மெய்க்காவல் படைத்தலைவன்,
சென்னிமலை


முகாம்
6 நவம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு, அவருக்கு, என் இரண்டு தங்கங்களுக்கு,

எல்லோரும் நலம்தானே? தீபாவளிக்கு இங்கே கடலைமாவில் எதையோ கிளறி மைசூர்பாகு என்று பேர் வைத்தோம். அதைக் கடிக்க மாமாவின் ரிக் தேவைப்பட்டது.

சந்தோஷமான செய்தி. ஜனவரியில் பொங்கலுக்கு லீவு கிடைத்துவிட்டது. முழுசாக ஒரு மாதம். பாப்பாவிடம் சொல்லுங்கள். தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். தினமும் எண்ணுவாள், ஒரு நாள் தள்ளிப்போனால் தாங்கமாட்டாள்.

ஒரு வேலை. பாப்பாவை ஒரு காகிதத்தின் மேல் நிற்க வைத்து, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு அனுப்புங்கள். வரும் வழியில் ஷூ வாங்க வேண்டும். பிள்ளைகள் எவ்வளவு வளர்ந்தார்கள் என்று எனக்குக் கண்ணளவாகத் தெரியவில்லை. கவினுக்கும் அனுப்புங்கள். அவன் நிற்கமாட்டான், தூங்கும்போது வரையுங்கள்.

அவருக்குத் தனியாக: போட்டோ விஷயத்தை எழுதியது நல்லது. நான் வந்து சரிசெய்துகொள்கிறேன்.

மதுமதி


திருச்செங்கோடு
7 நவம்பர் 2024

வெற்றி! வெற்றி! ஜெயபேரிகை கொட்டி, சென்னிமலை மாமன் அவசரமாக எழுதும் சுபச்செய்தி. உன் நலம் விசாரிக்கக்கூட நேரமில்லை, மன்னிக்கவும்.

ஆத்தாள் இறங்கிவிட்டாள்! விடியும்போது தொட்டுப் பார்த்தேன்; காய்ச்சல் இருந்த இடம் தெரியவில்லை. அடுப்பாக இருந்த நெற்றி ஆற்றங்கரையாகிக் கிடக்கிறது. ராமாத்தாள் வந்து பார்த்துக் குலவை போட்டாள். மூன்று தண்ணீர் ஊற்றுவதுதான் முறை. முதல் தண்ணீர் இன்றைக்கே ஊற்றிவிடலாம் என்றாள்.

அண்டாத் தண்ணீரை வெயிலில் வைத்து, அதில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு, நானும் மாப்பிள்ளையும் ராமாத்தாளும் ஆளுக்கு ஒரு சொம்பாகத் தலைக்கு ஊற்றினோம். மகாராணி உட்காரமாட்டேன் என்று துவண்டு துவண்டு விழுந்தாள். மாப்பிள்ளை தோளைப் பிடித்துக்கொண்டான். மஞ்சள் தண்ணீர் வழிய அவள் இருந்த அழகுக்குக் கோயிலில் இருக்கிறவளே வெட்கப்பட வேண்டும். மாப்பிள்ளை அழுதுவிட்டான். “மாமா, பயந்துட்டனுங்க” என்றான். “நானிருக்கறப்ப என்னடா பயம், பட்டறைக்குக் கெளம்பு” என்று அனுப்பிவைத்தேன். எத்தனை நாள்தான் லீவு போடுவான்?

இப்போது தூங்குகிறாள். இப்படி ஒரு தூக்கம் கும்பகர்ணன் பரம்பரையிலேயே கிடையாது. கை கால் எல்லாம் குளுகுளுவென்று, ஐஸ் பெட்டிக்குள் இருந்து எடுத்த மாதிரி. ஆத்தாள் போகிற போக்கில் குளிரவைத்துவிட்டுப் போயிருக்கிறாள். நேற்று மத்தியானத்திலிருந்து ஒன்றுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. “சாமி, மோர் குடிக்கறயா?” என்றால் கண்ணைத் திறக்காமலே, “அப்புச்சி, அப்பறம்” என்கிறாள்.

கவின் பக்கத்தில் உட்கார்ந்து, “அக்கா, ஏந்திரி, ஏந்திரி” என்று சடையைப் பிடித்து இழுக்கிறான். எழுந்திருக்கவில்லை. தூங்கட்டும். எத்தனை நாள் களைப்பு!

தபால் எடுக்கிற நேரமாகிவிட்டது. ஓடுகிறேன்.

வெற்றிவாகை சூடிய
சென்னிமலை


முகாம்
9 நவம்பர் 2024

மாமாவுக்கும் அவருக்கும்,

நேற்று மாலை வயர்லெஸ்ஸில் சொன்னார்கள். மகளுக்கு டெங்கு, சேலத்தில் ஆஸ்பத்திரி, நிலைமை தீவிரம். அவ்வளவுதான் தெரியும். திருப்பிக் கேட்டால் அவ்வளவுதான் வந்தது என்கிறார்கள்.

உடனே கிளம்ப உத்தரவு கொடுத்துவிட்டார்கள். மேகம் இறங்கிக் கிடக்கிறது, ஹெலிகாப்டர் வரவில்லை. பையை எடுத்துக்கொண்டு காலையிலிருந்து இறங்குதளத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் அங்கே வராது. தெரியும். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

காய்ச்சல் எத்தனாவது நாள்? வாந்தி இருந்ததா? வயிற்றுவலி என்றாளா? ரத்த அணு எவ்வளவு என்று டாக்டரைக் கேளுங்கள். வாயைத் திறந்து கேளுங்கள், அவர்களாகச் சொல்லமாட்டார்கள்.

முக்கியமானது இதுதான். டெங்குவில் காய்ச்சல் விட்டால் நல்லதாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அப்போதுதான் ஆபத்து ஆரம்பம். ரத்தத்தில் இருக்கிற நீர் குழாயை விட்டு வெளியே கசியும். கை கால் குளிரும். தூக்கம் தூக்கமாக வரும். சிறுநீர் நின்றுவிடும். பார்க்கிறவர்களுக்குக் குழந்தை நிம்மதியாகத் தூங்குகிற மாதிரி இருக்கும். தூங்க விடக் கூடாது. அந்தச் சில மணி நேரத்தைத் தாண்டிவிட்டால் பிழைத்துக்கொள்வாள். ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், பார்த்துக்கொள்வார்கள். பார்த்துக்கொள்வார்கள்தானே?

அவளிடம் அம்மா வந்துகொண்டிருக்கிறாள் என்று சொல்லுங்கள். காதுக்குப் பக்கத்தில் போய்ச் சொல்லுங்கள்.

ஏதோ சத்தம் கேட்டு எழுந்து போனேன். மழைதான்.

மது


முகாம்
21 டிசம்பர் 2024

மாமாவுக்கு,

முகாமுக்கு வந்து சேர்ந்து இரண்டு வாரமாகிறது. ராஜினாமா எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஏற்றுக்கொண்டு விடுவிக்க மூன்று மாதத்துக்கு மேல் ஆகுமாம். அதுவரை இங்கே இல்லாவிட்டால் ஓடிப்போனவள் என்று எழுதிவிடுவார்கள்.

நான் இல்லாதபோது வந்த தபாலை என் கட்டில் மேல் வைத்திருந்தார்கள். உங்கள் கடிதங்கள் இரண்டு இருந்தன. தேதி பார்த்து, முதலாவதை முதலில் படித்தேன்.

ஊரில் நான் இருந்தபோது நீங்கள் கிட்டே வரவில்லை. தெருமுனை டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் நின்றீர்கள். நானும் கூப்பிடவில்லை. “இந்த மனுசன் இனிமே என்ற ஊட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது” என்று அவர் எல்லோர் முன்னாலும் சொன்னபோது நான் தடுக்கவில்லை. தடுக்கத் தோன்றவில்லை.

வயர்லெஸ்ஸில் தீவிரம் என்று சொன்னபோதே எல்லாம் முடிந்திருந்தது. எனக்குத் தாங்காது என்று அவர்தான் அப்படிச் சொல்லச் சொன்னாராம். குழந்தையை வைத்திருக்கக் கூடாது என்று அன்று சாயங்காலமே அடக்கம் செய்துவிட்டீர்கள். நான் வந்து பார்த்தது ஈரமண். அவள் எவ்வளவு வளர்ந்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது. இனிமேலும் தெரியாது.

பத்தில் ஒன்பதைக் கழித்துப் படிப்பவள் நான். இந்த இரண்டையும் அப்படிப் படித்துப் பார்த்தேன். பத்தாயிரம் பொட்டு என்பதைக் கழித்தேன். மலைபோல் நின்றதைக் கழித்தேன். ஆனால் சாவியைப் பிடுங்கியதை அவரும் சொன்னார். ஈறில் ரத்தம் என்பதைக் கழிக்க முடியவில்லை. கை கால் குளிர்ந்ததைக் கழிக்க முடியவில்லை. நீங்கள் சிரித்துக்கொண்டே எழுதியதில் ஒரு அறிகுறிகூட விட்டுப்போகவில்லை மாமா. என் பயிற்சிப் புத்தகத்தில்கூட இவ்வளவு சரியாக இல்லை.

அந்தக் காலை ஒரு பாட்டில் சலைன் ஏற்றியிருந்தால் போதும். அவள் உடம்புக்குள் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தபோது மூன்று பேர் நின்று தலைக்கு ஊற்றினீர்கள்.

முதல் கடிதம் நேரத்துக்கு வந்திருந்தாலும், வழக்கம்போல் ஒன்பது பங்கைக் கழித்துவிட்டு, சிரித்துவிட்டு, மடித்து வைத்திருப்பேனோ என்றும் நினைக்கிறேன். அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

போன வாரம் இங்கே ஒரு ஜவான் பையனுக்கு டெங்குக் காய்ச்சல் விட்டது. கையைப் பிடித்து நாடி பார்த்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பிழைத்துவிட்டான். ஒரிசாவில் இருக்கிற அவன் அம்மாவுக்கு எதுவும் தெரியாது.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

மதுமதி


திருச்செங்கோடு
6 ஜனவரி 2025

மதுவுக்கு,

இங்கே இருக்கிறோம். நீ சாப்பிடுகிறாயா?

மறைத்து எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாய். அதனால் எழுதுகிறேன். கவினைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. அங்கன்வாடியில் இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்கிறார்கள். ராமாத்தாள் அக்கா இரண்டு நாள் வைத்திருந்தார். அப்புறம், “என்னால அவன் மூஞ்சியப் பாக்க முடியலீங் தம்பி” என்று கொண்டுவந்து விட்டுவிட்டார்.

பட்டறைக்குக் கூட்டிப் போகிறேன். ஓடிவிடக் கூடாது என்று இடுப்பில் துண்டைக் கட்டி, பெஞ்சுக் காலில் கட்டி வைக்கிறேன். முன்பு மாதிரிச் சத்தம் போடுவதில்லை. சத்தம் போட்டாலும் மிஷின் ஓடும்போது எனக்குக் கேட்காது.

போன வியாழக்கிழமை லேத்தில் சீவி விழும் இரும்புச் சுருள் ஒன்று தெறித்து அவன் புருவத்தில் பட்டது. கண்ணுக்குக் கொஞ்சம் மேலே. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். தையல் போட்டார்கள். கண்ணுக்கு ஒன்றும் இல்லை. முதலாளி இனிமேல் பிள்ளையைக் கொண்டுவராதே என்கிறார். வேலையை விட்டால் வேறு எங்கே போவது என்று தெரியவில்லை.

மாமா தினமும் பட்டறைக்கு எதிரே டீக்கடையில் வந்து உட்காருகிறார். யாரோடும் பேசுவதில்லை. பையனைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து போகிறார். சுருள் பட்ட அன்று ரோட்டைத் தாண்டி ஓடிவந்து, வாசலோடு நின்றுவிட்டார். நான் கூப்பிடவில்லை.

அன்பழகன்


முகாம்
20 ஜனவரி 2025

மாமாவுக்கு,

உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு இதைப் படிக்காதீர்கள். மன்னிக்கவில்லை. அது என்னால் முடியுமா என்று இப்போது தெரியாது.

கவினுக்கு ஆள் வேண்டும். புருவத்தில் பட்டது கண்ணில் பட எவ்வளவு நேரமாகும்? ஏப்ரலில் என்னை விடுவிப்பதாகச் சொல்கிறார்கள். அதுவரை அவனைப் பகலில் வைத்துக்கொள்ள அந்த ஊரில் வேறு யாரும் இல்லை. யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன். இல்லை. அதனால் நீங்கள் போக வேண்டும்.

அவருக்கும் எழுதியிருக்கிறேன். கதவைத் திறப்பார். பேசமாட்டார். நீங்களும் பேச வேண்டாம்.

காய்ச்சல் வந்தால், எந்தக் காய்ச்சலாக இருந்தாலும், யாரையும் கேட்காமல் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆத்தாள் கோவித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லுங்கள். அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

வாரம் ஒரு கடிதம் வேண்டும். பழைய மாதிரி வேண்டாம். நடந்தது மட்டும்.

மாத்திரை போடுங்கள். நீங்கள் விழுந்தால் அவனுக்கு யாரும் இல்லை.

மதுமதி


திருச்செங்கோடு
10 பிப்ரவரி 2025

மதுமதிக்கு,

கவினுக்குக் காய்ச்சல் இல்லை. தையல் பிரித்தாகிவிட்டது. புருவத்தில் கோடு இருக்கிறது. காலையில் ஒன்றரை இட்லி, மத்தியானம் பருப்புச் சோறு, கொஞ்சம் மிச்சம் வைத்தான். டிரம்களை மூடியிருக்கிறேன். மாத்திரை போடுகிறேன். நீ நலமாக இருக்க வேண்டும்.

போன திங்கட்கிழமை போனேன். மாப்பிள்ளை கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டான். பையனைக் கீழே இறக்கிவிட்டுப் பட்டறைக்குக் கிளம்பினான். சாயங்காலம் வந்ததும் நான் என் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். வெள்ளிக்கிழமை சோறு போட்டு, தட்டை எனக்கு முன்னால் வைத்தான்.

கவின் முதல் நாள் என்னிடம் வரவில்லை. இரண்டாம் நாள் வந்தான். வந்து, “அக்கா எங்க?” என்று கேட்டான்.

ஊரில் எவ்வளவோ பேருக்கு எவ்வளவோ சொல்லியிருக்கிறேன். இவனுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

அவனே கொஞ்சம் யோசித்துவிட்டு, “அக்கா இஸ்கூல்” என்றான்.

“ஆமா சாமி” என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாது. நடந்ததை மட்டும் எழுதச் சொன்னாய், அதனால் எழுதுகிறேன். அன்றிலிருந்து பள்ளிக்கூட வேன் வருகிற நேரத்துக்கு அவனாகப் போய் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். பிஸ்கட் கொடுத்தாலும் வருவதில்லை. வெள்ளிக்கிழமை வேறு பக்கம் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஹாரன் சத்தம் கேட்டதும் திமிறி இறங்கி ஓடிவந்துவிட்டான். இதற்கு என்ன சொல்வது என்று நீ எழுத வேண்டும். மாப்பிள்ளையிடம் கேட்க முடியாது.

இப்போது வேன் வந்து நின்றிருக்கிறது. நம் தெருப் பிள்ளைகள் இரண்டு பேர் இறங்கினார்கள். கதவைச் சாத்திவிட்டார்கள். வேன் போய்விட்டது. அவன் இன்னும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். வெயில் அடிக்கிறது. தூக்கிக்கொண்டு வர வேண்டும். இத்தோடு நிறுத்துகிறேன்.

சென்னிமலை